சுவரைப் பார்த்துத் திரும்பிய அக்கா

யாராவது பாஸ்வேர்ட் அடிக்கப் போகிறார்கள் என்றால் அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். கண்ணை மட்டும் விலக்குவதெல்லாம் அவருக்குப் போதாது. நாற்காலியோடு முழுதாகத் திரும்புவார், ஒருவர் துணி மாற்றுகிற அறைக்குள் தெரியாமல் நுழைந்துவிட்டவர் திரும்பி நிற்பதைப் போல. அந்தச் சுவரில் ஒரு மருந்துக் கம்பெனியின் காலண்டர் தொங்கியது. அச்சடித்தவர்கள்கூட அதை அத்தனை தடவை பார்த்திருக்க மாட்டார்கள். "அடிச்சிட்டியா?" என்று காலண்டரிடம் கேட்பார். "அடிச்சிட்டேன்க்கா" என்று நாம் சொன்ன பிறகுதான் நாற்காலி திரும்பும்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருக்கிறது எங்கள் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் சென்டர். நான் முன்னால் கவுண்டரில். வருகிறவர்களின் பெயர், வயது, ஊர், போன் நம்பர், எந்த டெஸ்ட் என்று பதிந்து ரசீது கொடுப்பது என் வேலை. அக்கா உள்ளே, பாதி உயரத்துக்கு நிற்கும் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வருவார். அவர் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுகூட எங்களுக்கு வெகுநாள் தெரியாது. ரத்தம் எடுக்கிற மாரியண்ணனுக்கு ஊரில் எல்லோருடைய சொந்தபந்தமும் தெரிந்தாக வேண்டும். அவர் பல தடவை முயன்று பார்த்தார்.

"யக்கா, அத்தான் எங்கன வேலை பாக்காக?"

"அது உங்க வேலைக்கு வேணுமா?"

"வேலைக்கு இல்ல, சும்மா கேட்டேன்."

"சும்மா சொல்லதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல மாரி."

'அது உங்க வேலைக்கு வேணுமா' என்ற அந்தக் கேள்வியை அவர் எல்லோரிடமும் கேட்டிருக்கிறார். கோபமாகக் கேட்க மாட்டார். கடைக்காரர் 'பை வேணுமா' என்று கேட்கிற குரலில் கேட்பார். அதனால்தான் எரிச்சல் இன்னும் அதிகமாக வரும்.

அவர் வருவதற்கு முன்பு சென்டரில் இருந்த எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்ட். எங்கள் ஊர் அம்மன் பெயர், அதற்குப் பின்னால் ஒன்று இரண்டு மூன்று. எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையிலும் அதேதான். கீழே ஜவுளிக்கடையிலும் அதேதான் என்று மாரியண்ணன் சொல்வார். எங்கள் முதலாளியிடம் கேட்டால், "எல்லாம் நம்ம பிள்ளைகதானே" என்பார். எங்கள் பக்கத்தில் பாஸ்வேர்டைச் சொல்வது பாசம். சொல்லாமல் இருப்பது பகை.

ரிப்போர்ட் கொடுப்பதும் அப்படித்தான் நடந்தது. சிவகிரிக்குப் போகிறவர் யாராவது கவுண்டரில் நின்றால், சிவகிரிக்காரர்களின் ரிப்போர்ட் எல்லாவற்றையும் அவர் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இன்னொருவர் ஒரு தடவை பஸ் ஏறி வருகிற சிரமம் மிச்சம். கவரை ஒட்டுவதுகூட இல்லை. ஒட்டினால் கொண்டுபோகிறவர் மனம் கோணும்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில், கவுண்டரில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, என் பெயரை அடித்துத் தேடினேன். வந்தது.

எனக்குப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வலிப்பு வந்தது. எங்கள் ஊர் கரிவலம்வந்தநல்லூர். அப்பாவும் அம்மாவும் வயல் வேலைக்குப் போகிறவர்கள், இருவருக்கும் எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய், முதலில் கல்லூரிக்கும் போனவள் நான். தெருவில் யாருக்கு என்ன காகிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸ், பேங்க் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாம் நான்தான் வாசித்துச் சொல்வேன். அதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு, இப்போதும் உண்டு. அந்த வகையில் என் வலிப்பு பற்றிய ரிப்போர்ட்டையும் என் அப்பா அம்மாவுக்கு வாசித்துச் சொன்னது நான்தான். அம்மா அழுதாள். "யார்கிட்டயும் சொல்லிராதட்டி" என்றாள். நானும் சொல்லவில்லை. பிறகு மருந்தில் சரியாகி, டாக்டரே மாத்திரையை நிறுத்தியும் விட்டார். ஆனால் அந்த வருடங்களில் எடுத்த டெஸ்ட் எல்லாம் இதே சென்டரில் எடுத்தவை. அம்மன் பெயரும் ஒன்று இரண்டு மூன்றும் தெரிந்த யாரும், எதிரே ஜெராக்ஸ் கடைக்காரர் உட்பட, அதைத் திறந்து பார்க்கலாம். நான் படித்துச் சம்பாதித்த முதல் வேலையில் உட்கார்ந்துகொண்டு அதைத் தெரிந்துகொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, நான் பயந்தது இன்னொரு பெண்ணுக்கு நடந்தது. அவளுடைய ரிப்போர்ட்டில் என்ன இருந்தது என்பது அவள் பஸ் இறங்குவதற்கு முன்பே அவள் ஊர் டீக்கடையில் தெரிந்திருந்தது. யார் வழியாகப் போனது என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. எல்லோர் கையிலும் ஒரே சாவி. மறுநாள் அவளுடைய அப்பா வந்து கவுண்டருக்கு முன்னால் நின்றார். சத்தம் போடவில்லை.

"எம் பிள்ளைக்கு என்னன்னு எனக்குத் தெரியதுக்கு முன்ன டீக்கடைக்காரனுக்கு எப்படித் தெரிஞ்சது அண்ணாச்சி?" என்றார்.

முதலாளி நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்காரச் சொன்னார், அவர் உட்காரவில்லை. அதற்குப் பிறகு யாரோ சொல்லி முதலாளி கூட்டிவந்தவர்தான் அக்கா.

வந்த வேகத்தில் எல்லோருக்கும் தனித்தனி லாகின் போட்டார். என்னுடையதைப் போடும்போது என் முழுப் பெயரையும் இன்ஷியலோடு கேட்டு அடித்தார். திரையில் என் பெயர் மட்டும் தனியாக நின்றது. அம்மாவைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் போல இருந்தது. அந்தச் சந்தோஷம் மதியம் வரைதான். ஒருவருக்கு ரிப்போர்ட் எடுத்துக் கொடுக்கலாம் என்று போனால், திறக்கவில்லை. 'தயார்' என்று மட்டும் காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டவில்லை.

நேராக உள்ளே போனேன்.

"அக்கா, எனக்கு ரிப்போர்ட் திறக்க மாட்டேங்கு."

"ஆமா. மூடியிருக்கேன்."

"ஏன்? நான் டிகிரி படிச்சவக்கா. ஒண்ணும் தெரியாதவ இல்ல. என்னைய நம்பலையா?"

"நம்புததுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லட்டி. பேரு பதியுத, ரசீது போடுத, ஒட்டின கவரைக் குடுக்க. உள்ள இருக்கது உன் வேலைக்கு வேணுமா?"

யோசித்தேன். வேண்டாம்தான். அதைச் சொல்ல மனம் வரவில்லை.

"உங்களுக்கு மட்டும் எல்லாம் திறக்கும்லா?"

அக்கா சிரித்துவிட்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார். தன் லாகினில் ஒரு ரிப்போர்ட்டை அழுத்திக் காட்டினார். எனக்கு வந்த அதே வரி அவருக்கும் வந்தது. அனுமதி இல்லை.

"ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுத டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் திறக்கும். பிரிண்ட்டும் அவங்க அறையிலதான் வரும், அங்கனயே கவரை ஒட்டிருவாங்க. நான் நெனச்சா எனக்கு நானே வழி போட்டுக்கிடலாம். ஆனா போட்ட நிமிசமே அவங்க போனுக்குத் தகவல் போயிரும். நானே அப்படி வச்சிருக்கேன்."

"உங்களுக்கு நீங்களேயாக்கா?"

"பூட்டு மாட்ட வந்தவ வீட்டுக்குள்ள போய் உக்காரலாமா?"

அன்றிலிருந்து மாரியண்ணன் அவருக்குப் பூட்டக்கா என்று பெயர் வைத்தார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார். பிறகு முகத்துக்கு நேராகவே சொன்னார். அக்கா அதற்குத் திரும்பிப் பார்த்து "ம்?" என்பார், வீட்டில் வைத்த பெயர் போல.

மாரியண்ணனுக்கு மட்டும் பாஸ்வேர்ட் மனதில் நிற்கவே இல்லை. மனைவி பெயரை வைத்தார், ஊருக்கே தெரிந்த பெயர் என்று அக்கா மாற்றச் சொன்னார். மாற்றினார், மறந்தார். மறுபடி மாற்றினார், அதைத் துண்டுத்தாளில் எழுதி ரத்த சாம்பிள் வைக்கிற ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தார். அக்கா அதைப் பார்த்ததும் முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு, விரலால் தடவியே தாளைப் பிய்த்து, எழுத்து உள்பக்கம் போகும்படி மடித்து, அவர் சட்டைப்பையில் வைத்தார்.

"வாசிச்சிட்டுக் குடுத்தா என்ன, நம்ம அக்காதானே" என்றார் மாரியண்ணன்.

"நான் வாசிச்சிட்டேன்னா, நாளைக்கு உங்க பேருல ஒரு தப்பு நடந்தா அது நீங்களா நானான்னு யாருக்குத் தெரியும்? உங்களுக்காகத்தான் வாசிக்கல."

மாரியண்ணன் அதற்குப் பிறகு எங்கும் ஒட்டவில்லை. மறப்பது மட்டும் நிற்கவில்லை.

எல்லாவற்றிலும் இப்படிப் பார்வையை விலக்குகிறவருக்கு ஒரே ஒரு விதிவிலக்கு இருந்தது. சாப்பாட்டு டப்பா. ஒரு மணிக்கு நாங்கள் டப்பாவைத் திறந்தால், எழுந்து வந்து ஒவ்வொன்றாக எட்டிப்பார்ப்பார். கேட்காமலே எடுப்பார். என் அம்மா வைக்கிற கருவாட்டுக் குழம்புக்கு அவரிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது. "இது உங்க வேலைக்கு வேணுமாக்கா?" என்று ஒரு நாள் கேட்டேன். "ரொம்ப வேணும்" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை எடுத்தார். பதிலுக்கு, பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து மேசையில் உருட்டிவிடுவார். புளியங்குடியிலிருந்து வருகிறவர் பையில் அது எப்போதும் இருக்கும்.

எனக்குள் இருந்த பயத்தை ஒரு தடவை அவரிடம் சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன். "பழைய ரிப்போர்ட் ஒண்ண அழிக்கணும்னா அழிக்க முடியுமாக்கா?"

"யாரோடதுன்னு சொல்லாத" என்று உடனே காலண்டர் பக்கம் திரும்பிவிட்டார். அங்கிருந்தபடியே சொன்னார். "அழிக்க எனக்கு உரிமை இல்லட்டி. நாளைக்கே அவங்களுக்கு ஒரு ஆத்திர அவசரம்னா டாக்டருக்கு அதுதான் கண்ணு. அழிக்க வேண்டாம். கண்டவங்க கண்ணுல படாம இருந்தாப் போதும்."

"படாதா?"

"படாது."

அதற்கு மேல் அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் எனக்கு ஒரு சம்பந்தம் பேசினார்கள். மாப்பிள்ளை ராஜபாளையத்தில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருந்தது, எனக்கும்தான். அவரிடம் வலிப்பு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். எப்போது, எப்படி என்று மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். அதற்குள் மாப்பிள்ளையின் தாய்மாமா சென்டருக்கே வந்துவிட்டார். சங்கரன்கோவிலில் உரக்கடை வைத்திருக்கிறவர், எங்கள் முதலாளிக்கு நல்ல பழக்கம். எங்கள் பக்கத்தில் பெண்ணைப் பற்றி நாலு இடத்தில் விசாரிக்காமல் யாரும் தாம்பூலம் மாற்றுவதில்லை. பெண் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிப்பது அதில் ஒன்று. அதனால் அவர் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. காதை மட்டும் தடுப்புக்கு அந்தப் பக்கம், முதலாளி மேசையில் வைத்துக்கொண்டு ரசீது போட்டுக்கொண்டிருந்தேன்.

"நல்ல பிள்ளை. கண்ண மூடிட்டு முடிங்க" என்றார் முதலாளி.

"முடிச்சிரலாம் அண்ணாச்சி. கரிவலத்துல ஒருத்தர் ஒரு வார்த்தை சொன்னாரு. பள்ளிக்கூடத்துல படிக்கைல மயங்கி மயங்கி விழுமாம். இங்கனதான் வந்து டெஸ்ட் எடுப்பாகளாம். கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டிப் பாத்துச் சொன்னீகன்னா மனசுக்கு நிம்மதி."

"அதுக்கென்ன, பாத்திருவோம்."

எனக்கு முன்னால் நின்ற பெரியவரின் வயது எழுபது. நான் ஏழு என்று அடித்திருந்தேன்.

முதலாளி தன் லாகினில் தட்டினார். அவருக்கு வரவு செலவு முழுவதும் தெரியும், எத்தனை பேர் வந்தார்கள் என்று தெரியும். ரிப்போர்ட் திறக்காது. அன்று வரை அவர் திறந்து பார்க்க நினைத்ததில்லை, அதனால் தெரியாது. அவர் முகம் மாறியது.

"ஏம்மா, இங்கன வாங்க. நம்ம கவுண்டர் பிள்ளை ரிப்போர்ட்ட எடுங்க."

"எதுக்கு அண்ணாச்சி?" என்றார் அக்கா.

"கல்யாண விஷயம். நல்ல காரியம்தான்."

"அது உங்க வேலைக்கு வேணுமா அண்ணாச்சி?"

அந்தக் கேள்வியை முதலாளியிடமே கேட்பார் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. மாரியண்ணன் ஒருவர் கையில் கட்டிய ரப்பர் வாரை அவிழ்க்க மறந்து நின்றார்.

"இது என் சென்டரும்மா."

"சென்டர் உங்களுது. ரிப்போர்ட்டு அவங்கவங்களுது. எனக்கும் திறக்காது அண்ணாச்சி. டாக்டரம்மாதான் திறக்கணும். திறந்தா, யாரு திறந்தாங்க, யாரு கேட்டுத் திறந்தாங்கன்னு அதுலயே பதிஞ்சிரும், பெறகு அழியாது. உங்க பேரைப் போட்டு டாக்டரம்மாவைக் கூப்பிடட்டுமா?"

உரக்கடைக்காரர் மெல்லச் சிரித்தார்.

"வேண்டாம்மா. நீங்க காட்ட மாட்டேங்கீகளே, அதுலயே தெரிஞ்சு போச்சு. ஒண்ணும் இல்லாட்டி எதுக்கு மூடுதீக?"

திறந்து காட்டியிருந்தால் 'குணமாகிவிட்டது' என்ற வரியாவது அதில் இருந்திருக்கும். மூடியதே இப்போது ஒரு ரிப்போர்ட் ஆகிவிட்டது.

"இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது" என்றார் அக்கா. குரல் கொஞ்சமும் ஏறவில்லை. "ஒண்ணுமே இல்லாதவங்க பேரைச் சொல்லிக் கேட்டாலும் இதே பதில்தான். நாளைக்கு ஒருத்தர் வந்து உங்க பேரைச் சொல்லிக் கேட்டாலும் இதே பதில்தான் அண்ணாச்சி."

உரக்கடைக்காரர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

அக்கா அதைப் பொதுவாகத்தான் சொன்னார். அவருக்கு ஒன்றும் தெரியாது, எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்கு முன்பு ஒரு காலையில், நான் ஷட்டரை ஏற்றும்போதே இந்த உரக்கடைக்காரர் தனியாக வந்து நின்றிருந்தார். பெயரைக் குரல் தாழ்த்திச் சொன்னார். "இது வெளிய தெரியாதுல்லாம்மா?" என்று கேட்டார். தெரியாது என்று நான் சொன்னேன். அப்போது அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் யார் என்று அவருக்கும் தெரியாது. என்ன டெஸ்ட் என்பதை இங்கேயும் எழுத மாட்டேன்.

தடுப்புக்கு மேலாக அவர் என்னைப் பார்த்தார். என் நாக்கு நுனி வரை வந்தது. ஒரே வார்த்தை போதும், அவர் விசாரித்ததற்கு வட்டியும் முதலுமாகக் கிடைத்திருக்கும். நான் திரும்பிச் சுவரைப் பார்த்தேன். எனக்கு எதிரே இருந்த சுவரில் காலண்டர்கூடக் கிடையாது, வெறும் சுண்ணாம்பு. அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்குகிற சத்தம் கேட்கும் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் கடையடைக்கும் நேரத்தில் முதலாளி அக்காவிடம் சொன்னார். "நாளைக்கு எனக்கு எல்லாம் திறக்கணும். இல்லாட்டி நீங்க வர வேண்டாம்."

"சரி அண்ணாச்சி" என்றார் அக்கா. திறக்கிறேன் என்ற சரியா, வரவில்லை என்ற சரியா என்று தெரியவில்லை.

அக்காவும் நானும் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். அக்கா ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் கடலை வாங்கினார், பாதியை என் கையில் கொட்டினார். மாரியண்ணன் மறுபடியும் பாஸ்வேர்டை மறந்துவிட்ட கதையை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தார். புளியங்குடி பஸ் ஒன்று வந்தது, கூட்டமாக இருக்கிறது என்று விட்டுவிட்டார். அதில் அவ்வளவு கூட்டம் இல்லை.

"அக்கா, எனக்கு வலிப்பு இருந்துச்சு" என்றேன்.

அக்கா திரும்பினார். சுவர்ப்பக்கம் திரும்புவாரே, அதே மாதிரி முழுதாக, ஆனால் இந்தத் தடவை என் பக்கம்.

"இப்ப?"

"இப்ப இல்ல. மாத்திரையும் நிறுத்தியாச்சு."

"நல்லது. எங்கிட்ட ஏன் சொல்லுத?"

"சொல்லணும் போல இருந்துச்சு."

"அப்ப சரி."

"என்னால உங்க வேலை போயிரப் போகுதேக்கா."

"உன்னால என்னட்டி? அந்த எடத்துல யாரு பேரு இருந்தாலும் இதுதான்." கடலைத் தோலை ஊதினார். "அந்தப் பையன்கிட்ட சொல்லணும்னா சொல்லு. வேண்டாம்னா சம்பந்தத்தை விடு. எதுன்னாலும் உன் வாயால நீ சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் பாடு."

மறுநாள் எப்போதும் வருகிற நேரத்துக்கு அக்கா வந்தார். பையை மாட்டியபடியே முதலாளியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

"திறந்து விட்டிருதேன் அண்ணாச்சி. ஆனா வாசல்ல ஒரு போர்டு எழுதி வைங்க. இங்கன எடுக்கிற ரிப்போர்ட்டைப் பழகினவங்க கேட்டாச் சொல்லுவோம்னு. தெரிஞ்சு வாரவங்க வரட்டும்."

முதலாளி நிமிர்ந்து பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பார்வை அக்காவைத் தாண்டி என் கவுண்டருக்கு முன்னால் போய் நின்றது. அந்தப் பெண்ணின் அப்பா உட்காராமல் நின்ற இடம் அது. வெகுநேரம் அங்கேயே பார்த்தார்.

"போயி வேலையப் பாருங்க" என்றார்.

அக்கா போய் வேலையைப் பார்த்தார். முதலாளியும் அதற்குப் பிறகு அவரைப் பூட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளைக்கு நானே போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"மாமா வந்து கேட்டப்பவே சொல்லியிருக்கலாம்லா?" என்றார்.

"மாமாவையா நான் கட்டிக்கிடப் போறேன்?" என்றேன்.

சிரித்தார். நல்ல சிரிப்பு. ஆனாலும் கொஞ்ச நாளில் ஜாதகம் பொருந்தவில்லை என்று தகவல் வந்தது. அம்மா அழுதாள். "எதுக்குட்டி சொன்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். எனக்கும் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் சொல்லி அது போயிற்று. என் அப்பா அம்மாவுக்கு முதலில் வாசித்துச் சொன்னவள் நான், வேறு யாருக்குச் சொல்வது என்றாலும் அது நானாகத்தான் இருக்க வேண்டும். இப்போது பெண் பார்க்க வருகிறவர்களிடம் காபி வருவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். இரண்டு வீட்டார் காபி குடிக்காமல் போனார்கள். ஒருவர் குடித்துவிட்டு இன்னொரு தம்ளர் கேட்டார். அவரோடு பேச்சு நடக்கிறது.

போன வருடம் அக்கா வேலையை விட்டார். சென்னைக்குப் போகிறேன் என்றார், ஏன் என்று மாரியண்ணன்கூடக் கேட்கவில்லை. லாகின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு வந்தது. கடைசி நாளில் அக்கா என்னைத் தன் நாற்காலியில் உட்காரவைத்து, "என் பேரை மூடு" என்றார். மூடினேன். பிறகு கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துத் தன் பெயரையும் பாஸ்வேர்டையும் அடித்தார். நான் காலண்டரைப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. வேறு கம்ப்யூட்டரில் போய் அடித்தார், அங்கேயும் வரவில்லை. பரீட்சையில் பாஸ் ஆன பிள்ளை மாதிரி முகம் மலர்ந்து, "மாரி, இங்கன பாருங்க, நான் உள்ள வர முடியாது" என்றார். அவருக்காக அம்மா கொடுத்துவிட்ட கருவாட்டுக் குழம்பு டப்பாவோடு போனார். டப்பா இன்னும் திரும்பி வரவில்லை.

இந்த வருடம் ஆடித் தபசுத் திருவிழா முடிந்த பிறகு ஒரு நாள் மத்தியானம் அக்காவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிக்கவில்லை. குரல் வேறு மாதிரி இருந்தது.

"ஏட்டி, எங்க அம்மா அங்கன வந்து டெஸ்ட் குடுத்திருக்கா. கேட்டா ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லங்கா. சாப்பிடவும் மாட்டேங்காளாம். ரிப்போர்ட் வந்திருக்கும். டாக்டரம்மாகிட்ட கேட்டு, நல்லதா கெட்டதான்னு மட்டும் சொல்லேன்."

அக்காவுக்கு அம்மா இருக்கிறார் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரில் பார்த்தேன். பெயர், புளியங்குடி, போன் நம்பர். ரிப்போர்ட் என்ற இடத்தில் 'கையில் கொடுக்கப்பட்டது' என்று இருந்தது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

"அக்கா, அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுதேன். அவங்க சரின்னா டாக்டரம்மாவை உங்ககிட்டயே பேசச் சொல்லுதேன்."

"நான் யாருட்டி? அவ மக."

"தெரியும்க்கா."

"எனக்கே இதா?"

"உங்களுக்கும் இதான்க்கா" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

அக்காவின் அம்மாவைக் கூப்பிட்டேன். சென்டரிலிருந்து பேசுகிறேன் என்றதும் அவர் பயந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"அவகிட்ட சொல்லிராத மக்கா" என்றார். "போன்ல கேட்டா அங்கன இருந்து துடிச்சுப் போவா. வெள்ளிக்கிழமை வாரேன்னு சொல்லியிருக்கா. பக்கத்துல உக்கார வச்சு நானே சொல்லிக்கிடுதேன்."

அக்காவுக்குத் திரும்பப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"அம்மா உங்ககிட்ட அவங்களே சொல்லுதேன்னு சொல்லுதாங்கக்கா."

ஏதோ ஒரு பெரிய ரோட்டின் சத்தம் மட்டும் வந்தது.

"நீ பாத்தியா?" என்றார்.

"இல்லக்கா. எனக்குத் திறக்காது."

"ம்" என்றார். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "அப்ப நான் வெள்ளி வரைக்கும் இருக்கல. இன்னிக்கே பஸ் ஏறுதேன்."